மாரளவு

எல்லாரும் தண்ணீர்மேலேயே பழியைப் போடுகிறார்கள். பாவம், தண்ணீருக்கு என்ன தெரியும்.

அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து கூழைத் துழாவிக்கொண்டிருந்த விக்டோரியாவின் மனசுக்குள் இந்த நினைப்பு எழுந்தது. உதடு வரைக்கும் வந்தது. வழக்கம்போலத் திரும்பிப் போயிற்று. வெளியே அவளுடைய மாமியார் கன்னியம்மா, ஆடு ஓட்டிக்கொண்டு போகும் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஐப்பசி பொறக்கசொல்லவே இன்னா மேகம் கட்டிக்கினு கீது பாரு. அந்தப் புள்ளத்தின்னி ஓடை இந்த வருசமும் ரொம்பப் போவுது."

அந்த ஓடைக்கு முன்பெல்லாம் பெயரே கிடையாது. ஊருக்கும், கல்கத்தா வரைக்கும் போகிற ஜி.என்.டி. ரோட்டுக்கும் நடுவில் கிடக்கிற வெறும் மணல்தடம் அது. கோடையில் ஆடுகள் காலை நனைக்காமல் கடந்து போகும். மழைக்காலத்தில் சில நாள் வழியை மறித்துக்கொண்டு ஓடும், பிறகு மறுபடியும் மணலாகிவிடும். அவள் மகன் தாவீது போன பிறகுதான் ஊரார் அதற்குப் பெயர் வைத்தார்கள். மூன்று வயசுப் பிள்ளை, தன் பெயரையே முழுசாகச் சொல்ல வராத பிள்ளை, ஓர் ஓடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று விக்டோரியா நினைத்துக்கொண்டாள்.

வீட்டை ஒட்டியிருந்த ஷெட்டிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவள் புருசன் ஜெயராஜ் அதற்குள் நுழைந்துவிட்டான். கும்மிடிப்பூண்டியில் ரோட்டோரத்து லாரி ஒர்க்‌ஷாப் ஒன்றில் அவன் ஃபிட்டர். வாரம் முழுக்க ஊரார் வண்டி, ஞாயிறானால் தன் வண்டி. கூடவே சுப்பராயன். அதே ஒர்க்‌ஷாப்பில் லேத்தில் கடைசல் பிடிக்கிறவன், ஆரம்பாக்கத்துப் பக்கத்து ஆள், வாயில் பாதி தெலுங்கு.

"மாரளவு மாரளவுன்றியே நைனா, யாரு மாரு?" என்று சுப்பராயன் கேட்டது அடுப்பங்கரை வரைக்கும் வந்தது. "நான் குள்ளன். எனக்கு மாரளவுன்னா உனுக்குத் தொப்புளு. உனுக்கு மாரளவுன்னா எனக்குக் கருமாதி."

ஜெயராஜ் சிரிக்கவில்லை. "அன்னிக்கி மாரளவு தண்ணி போச்சுன்னு ஊரே சொல்லுது. நான் என் மாருக்கு அளந்து பொகைக் கொழாய நிறுத்திக்கீறேன்."

"அன்னிக்கித் தண்ணியில எறங்குனது நீயா?"

சுத்தியல் நின்றது. சுப்பராயன் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரிந்தது. "விக்டோரீ, இப்பிடிக் கொஞ்சம் வாமே" என்று ஜெயராஜின் குரல் வந்தது.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள். ஷெட்டு வாசலில் ஜீப்பு நின்றது. பட்டாளத்தில் கழித்துவிட்ட டிஸ்போசல் ஜீப்பு, ஸ்டியரிங் இடது பக்கம். சேசிஸ் என்கிற அடிச்சட்டம் ஒரு கடை, இஞ்சின் ஒரு கடை, அச்சு ஒரு கடை என்று ஆவடியில் பழைய இரும்பு விற்கிற இடங்களில் பொறுக்கிச் சேர்த்தது. மேல்கூடு, தார் டிரம்களை அறுத்து, தட்டி நிமிர்த்தி அவனே செய்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. சேற்றிலும் மணலிலும் வயிறு இடிக்காமல் போவதற்காக லாரி ஸ்பிரிங் பட்டைகளைக் கூடுதலாக அடுக்கி, அதைத் தரையிலிருந்து இன்னும் உயரத் தூக்கியிருந்தான். பின்பக்கம் புகை விட வேண்டிய குழாயை முன்கண்ணாடி ஓரமாக மேலே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். காற்று இழுக்கிற குழாயும் அதன் பக்கத்திலேயே வானத்தைப் பார்த்து நின்றது. தண்ணீருக்குள் இறங்கினாலும் வண்டிக்கு மூச்சு முட்டாது.

"வண்டிய ஒட்டினாப்புல நில்லு" என்றான். கையில் சாக்குக்கட்டி. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் உயரத்தைப் பார்த்தான். "அன்னிக்கித் தண்ணி உனுக்கு எது வரிக்கும் வந்துச்சி?"

அந்த நாளுக்குப் பிறகு அதைப் பற்றி அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. இந்த மூன்று வருசத்தில் பிள்ளை தண்ணீர் கேட்டானா, அழுதானா, அப்பா எங்கே என்றானா, ஒன்றும் கேட்டதில்லை. அந்தக் கேள்விகளுக்கெல்லாம் அவள் பதிலைத் தயார் செய்து வைத்திருந்தாள். ராத்திரிகளில் எடுத்துப் பார்த்து, மடித்து மறுபடியும் வைத்துக்கொள்வாள். இந்தக் கேள்விக்கு மட்டும் அவளிடம் ஒன்றும் தயாராக இல்லை. உடம்புதான் பதில் சொல்லிற்று. கை தானாக எழுந்து மார்புக்குக் கீழே, ரவிக்கை முடிகிற இடத்தில் நின்றது. சுப்பராயன் மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டு பீடி பற்றவைத்தான்.

ஜெயராஜ் அந்தக் கைக்கு நேராகத் தகரத்தில் ஒரு கோடு போட்டான். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தான். கோடு பானெட்டின் விளிம்புக்குக்கூட எட்டவில்லை. குழாயின் வாய் அதற்கு வெகு மேலே இருந்தது.

"இவ்ளோதானா?" என்றான்.

வாய் தவறி வந்த வார்த்தை. வண்டியைத்தான் சொன்னான், குழாயைத்தான் சொன்னான். "அப்ப அலாக்கா போயிடும் நைனா, பேஜாரே இல்ல" என்று சுப்பராயனும் சொன்னான். ஆனாலும் அவளுக்கு, இவ்வளவு தண்ணீருக்கா என் பிள்ளையைக் கொடுத்தாய் என்று அவன் கேட்டதுபோல் இருந்தது.

"கூழு அடி புடிக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

தண்ணீருக்கு முன்னாலேயே அது முடிந்துபோனது. அதை அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

புயல் மழை பிடித்த கார்த்திகை அது. ஓடை பெருகி, வேலைக்குப் போன ஜெயராஜ் முந்தின நாளே அக்கரையில் நின்றுவிட்டான். காலையில் தாவீதுக்கு வாந்தி கண்டது, பிறகு பேதி. ஓமத்தண்ணீர் கொடுத்தாள், கஞ்சித் தெளிவு கொடுத்தாள், எதுவும் வயிற்றில் தங்கவில்லை. மதியம் கண் செருகியதும் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு பொன்னேரி ஆஸ்பத்திரிக்கென்று கிளம்பினாள். பின்னால் கன்னியம்மாவும் பக்கத்து வீட்டுச் சாலமோனும் வந்தார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் ஒற்றைப் பனை ஒன்று நிற்கிறது. அதைத் தாண்டும்போது தோளில் இருந்த தலையின் கனம் மாறியது. அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்லை, விக்கல் இல்லை. தூங்குகிற பிள்ளையின் தலை தோளில் அழுந்தும், அது ஒரு கனம். இது வேறு கனம்.

அவள் நிற்கவில்லை. நின்றால் பின்னால் வருகிறவர்கள் என்னவென்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அது நடந்ததாகிவிடும். இறங்கினாள். இடுப்பு நனைந்தது, வயிறு நனைந்தது. அவனை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நனைந்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும். நிஜமாகவே அப்படி நினைத்தாள், நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அக்கரையில் கருவாடு ஏற்றிக்கொண்டு போன லாரி ஒன்று நின்று ஏற்றிக்கொண்டது. தகவல் தெரிந்து ஜெயராஜ் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு ஓடி வந்தபோது, பிள்ளை இல்லையென்று டாக்டர்கள் சொல்லி முடித்திருந்தார்கள். "எங்கமே? எங்க போச்சு உசிரு?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"ஓடையாண்ட" என்றாள்.

அது பொய் இல்லை. பனைமரம் ஓடையாண்டதான் நிற்கிறது. ஆனால் சாலமோன் பக்கத்திலேயே நின்று, "ஆமாண்ணா, அந்தத் தண்ணியிலதான் குளுந்துபோச்சு" என்று சேர்த்துச் சொன்னான். நல்ல மனசுக்காரன். அழுதுகொண்டே சொன்னான். அதுவே ஊர்ப்பேச்சானது. முதலில் அதைத் திருத்த அவளுக்குத் தெம்பு இல்லை. தெம்பு வந்தபோது, ஜெயராஜ் ஒரு மாட்டு வண்டியில் துருப்பிடித்த சேசிஸை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிக்கொண்டிருந்தான்.

"ஊட்டுக்கு ஒரு வண்டி வேணும்" என்றான். "தண்ணியில போற வண்டி."

ஷெட்டு என்று இப்போது சொல்கிறார்களே, அது வீட்டுச் சாய்ப்பு. மதிய வெயிலுக்குக் காற்று வரும் என்று தாவீதுக்கு அங்கேதான் தூளி கட்டுவாள். உத்தரத்தில் கயிறு தேய்ந்து ஒரு வழவழப்பு விழுந்திருந்தது. அதே இடத்தில் ஜெயராஜ் சங்கிலியையும் கப்பியையும் மாட்டி இஞ்சினைத் தூக்கினான். அவன் அதைக் கவனித்தானோ இல்லையோ. இஞ்சின் அந்தரத்தில் தொங்கி, மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிற்று. அவள் போய் அதை ஒரு கையால் பிடித்து நிறுத்தினாள்.

அவளும் அந்த வண்டிக்கு வேலை செய்திருக்கிறாள். இஞ்சின் வால்வு ஒவ்வொன்றும் இடுக்கில்லாமல் படிந்து உட்கார, அதன் பள்ளத்தில் அரப்பொடிக் குழம்பு தடவி வைத்து, குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். மோர் கடைகிற மாதிரி வேலை. "உனுக்குத்தான் கை வாகு" என்று ஜெயராஜ் ஒரு குச்சியை அவளிடம் கொடுத்தான். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தேய்த்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம் தெரிய வேண்டும். தெரியும் வரைக்கும் தேய்த்தாள். இஞ்சின் முதல் தடவை கிளம்பியபோது ஜெயராஜ் எண்ணெய்க் கையோடு சுப்பராயனைத் தூக்கிச் சுற்றினான். அவன் சிரித்ததை அவள் வெகுகாலம் கழித்துப் பார்த்தாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கு அவன்மேல் கசப்புத்தான் வந்தது. இவனுக்குத் துக்கத்தை வைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது. முடுக்கலாம், அறுக்கலாம், அடிக்கலாம். சாயங்காலமானால் மண்ணெண்ணெயில் கையைக் கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்காரலாம். எனக்கு எங்கே இருக்கிறது அப்படி ஒரு சாமான்?

அதே மனசுதான் அவனுக்காக இரங்கவும் செய்தது. சொல்லிவிட்டால் என்ன ஆகும்? எந்த வண்டியும் காப்பாற்றியிருக்காது என்றால் அவன் தூக்கிச் சுமக்கிற பழி இறங்கும். கூடவே இந்த ஜீப்பும் வெறும் இரும்பாகிவிடும். பிறகு காலையில் எழுந்து அவன் எங்கே போவான்?

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வாங்கி வைத்திருந்தாள். காலையில் பார்த்தால் பாதியைக் காணோம். ஷெட்டில் ஜெயராஜ் ஒரு தகர டப்பாவில் அவற்றை உருக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னா பண்றே நீ?"

"டிஸ்ட்ரிபியூட்டருக்கு. பொறி இதுல இருந்துதான் கிளம்புது. இது நனைஞ்சிச்சின்னா வண்டி நடுத்தண்ணியில நின்னுடும்." சைக்கிள் டியூப்பைச் சுற்றி, இடுக்குகளில் மெழுகை ஊற்றிக்கொண்டே சொன்னான்.

"அது கல்லறைக்கு வாங்குனதுய்யா."

"பாதி வச்சிக்கீறேன் பாரு." நிமிராமலே, "இதுவும் அவனுக்குத்தான்" என்றான்.

சாயங்காலம் இரண்டு பேரும் கோயிலுக்குப் பின்னாலிருந்த கல்லறைக்குப் போனார்கள். காற்றில் வத்தி நிற்கவில்லை. அவன் குனிந்து இரண்டு கையையும் குவித்துச் சுடரை மூடிக்கொண்டான். நகக்கண்ணில் கறுப்பு மசி. இப்போது சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இந்தக் கைகள் எதையும் தாங்கும்.

"இந்தாய்யா. அன்னிக்கி..."

அவன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த பயத்தை அவள் முன்னே பார்த்ததில்லை. சுடர் அணைந்துபோனது.

"ஒண்ணுமில்ல. மழ வருது, போவலாம்" என்றாள்.

மழை அந்த வாரமே வந்தது. விடாமல் ஊற்றி, ஓடை கரை தொட்டுப் போனது. மழை விட்ட காலையில் ஜெயராஜ் வேலைக்குப் போகவில்லை. அக்கரைக்குப் போக முடிந்தால்தானே வேலை. வெள்ளத்துக்கு முன்னமே வந்து இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட சுப்பராயனும் இருந்தான். இரண்டு பேரும் ஜீப்பை ஓட்டிக்கொண்டுபோய்ப் பனைமரத்தடியில் நிறுத்தினார்கள். ஊரே பின்னால் போயிற்று.

ஜெயராஜ் பானெட்டைத் தூக்கி ஃபேன் பெல்ட்டைக் கழற்றினான். விசிறி சுற்றினால் தண்ணீரை வாரி இஞ்சின்மேல் இறைத்துவிடும். சுப்பராயன் லாரிக்குக் கட்டும் தடித்த கயிற்றின் ஒரு நுனியைப் பனையிலும் மறு நுனியை வண்டியின் பின்கொக்கியிலும் கட்டினான். "அடிச்சிக்கினு போனா இழுத்துக்கலாம். வண்டிய சொல்றேன். உன்ன இழுக்க ஊர்ல ஆள் இல்ல நைனா."

கன்னியம்மா யாரும் கூப்பிடாமலே பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சாக்கில் தேங்காய் நார் அடைத்துத் தைத்த சீட்டு. தட்டிப் பார்த்துக்கொண்டாள். "நான் செத்தா என்ன இதுல தூக்கிக்கினு போவாதீங்கடா. குலுக்கற குலுக்கல்ல எழுந்து உக்காந்துடுவேன்."

ஜனங்கள் சிரித்தார்கள். "முன்னால யாரு? விக்டோரியாவா?" என்று சாலமோன் கேட்டான். "வலது பக்கம் உக்காந்தா அவதான் டிரைவருன்னு ரோட்டுல போறவன் சலாம் வப்பான்."

விக்டோரியா கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கோணிச்சாக்கைத் தலையில் கொங்காணியாகக் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தாள். ஓடை செம்மண் நிறத்தில், நடுவில் மட்டும் புடைத்து ஓடிற்று. அந்த இடத்தில்தான் அன்றைக்குக் கை வலித்தது, இறக்கிவிடலாமா என்று நினைத்தாள், இறக்கவில்லை. தாவீதோடு போன கடைசித் தடம் அது. ஊருக்கு அது சாவு. அவளுக்கு அப்படி இல்லை. நடுத்தண்ணீரில், இரைச்சலுக்குள், அவளும் அவனும் மட்டும் இருந்தார்கள். அக்கரையில் காத்திருந்த எதுவும் அங்கே இன்னும் வந்து சேரவில்லை.

ஜெயராஜ் இஞ்சினைக் கிளப்பி ஓடவிட்டு, இறங்கி அவளிடம் வந்தான். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தான். கலியாணத்துக்குப் போகிறவன் மாதிரி வெளுத்த சட்டை.

"ஏறுமே."

அவள் வண்டியைப் பார்த்தாள். இஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது, மேல்குழாயிலிருந்து புகை பனையோலை வரைக்கும் போய்க் கலைந்தது. நல்ல வேலை. எங்கேயும் குறை சொல்ல முடியாது. தாண்டிவிடும்.

"நீ ஏறாம நான் எடுக்க மாட்டேன்" என்றான். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டு, "இது அன்னிக்கி இருந்திருந்தா... பொழச்சிருப்பான், இல்ல? நீதான் கூட இருந்தே. ஒரு வார்த்த சொல்லு. சொல்லிட்டு ஏறு."

ஆமாம் என்று சொன்னால் போதும். அவன் அதை வாங்கிக்கொண்டு அக்கரைக்குப் போய்விடுவான், போய் நின்று அழுவான், ஒருவேளை இத்தோடு ஆறுவான். ஆனால் அந்த ஆமாம் நாளைக்கு வேறு மாதிரிப் பேசும். இந்த வண்டியை முன்னாடியே ஏன் கட்டவில்லை என்று அவனைக் கேட்கும். அவன் சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கும். இல்லை என்றால், ஏன் இல்லை என்பான். பனைமரத்தைக் காட்ட வேண்டும். அப்புறம் ஏன் தண்ணியில இறங்கினே என்பான். அதற்கு அவளிடம் அவனுக்குக் கொடுக்கக்கூடிய பதில் இல்லை. அது அவளுக்கும் தாவீதுக்கும் நடுவில் நடந்தது.

இதில் உட்கார்ந்து, வெறும் மடியோடு, ஓடையை ஒரு நிமிசத்தில் தாண்டி அக்கரையில் இறங்குவதா? அந்தத் தடத்தின்மேல் இந்தச் சக்கரத்தை விடுவதா?

"நான் ஏறலய்யா" என்றாள்.

"பயமா கீதா? கயிறு கட்டிக்கீறோம் பாரு."

"பயம் இல்ல."

"பின்ன இன்னாமே? மூணு வருசம்." பின்னால் கன்னியம்மா, "ஏண்டா நிக்கிறீங்க, தண்ணி ஏறுது" என்று கத்தினாள்.

விக்டோரியா அவன் சட்டைக் கழுத்தில் பிசகிப் போட்டிருந்த பித்தானைக் கழற்றி, சரியான துளையில் போட்டுவிட்டாள். மூன்று வருசத்தில் பகல் வெளிச்சத்தில், நாலு பேர் பார்க்க, அவனைத் தொட்டது இல்லை.

"நல்லா கட்டிக்கீறே" என்றாள். "பத்திரமா போய் வா. என்ன கூப்புடாத."

"ஒரு வாட்டிமே. ஒரே ஒரு வாட்டி."

அவள் தலையை மட்டும் அசைத்தாள், இல்லை என்று.